மூன்று நாள் கையில் இருந்தால்: பர்கண்டியா, அல்சாஸா, ஷாம்பெய்னா, போர்தோவா?

பாரிசில் சொந்தக்காரர் வீட்டில் வந்து தங்குகிறவர்கள், ஐஃபில் கோபுரமும் லூவரும் முடிந்த பிறகு இரண்டு மூன்று நாள் மிச்சமிருந்தால், ஒயின் விளையும் பகுதி ஏதாவது ஒன்றுக்குப் போகலாமா, போனால் எதற்குப் போவது என்று கேட்பது வழக்கம். ரயிலில் எளிதாகப் போய்வரக்கூடியவை என்று பார்த்தால் நான்கு: ஷாம்பெய்ன், அல்சாஸ், பர்கண்டி, போர்தோ. நான்குமே நல்ல இடங்கள்தான், ஆனால் மூன்று நாளில் நான்கையும் பார்க்க முடியாது, அதனால் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுதாக மூன்று நாள் இருக்கிறது, வரலாற்றில் ஆர்வமும் கொஞ்சம் நடக்கத் தெம்பும் உண்டு என்றால் பர்கண்டி. குழந்தைகள், பெரியவர்கள் எல்லாரோடும் குடும்பமாகப் போகிறீர்கள் என்றால் அல்சாஸ். ஒரே ஒரு நாள்தான் என்றால் ஷாம்பெய்ன். போர்தோவின் கணக்கே வேறு, அதைப் பிறகு சொல்கிறேன்.

குடிப்பழக்கம் இல்லாதவர்கள் இது நமக்கில்லை என்று நகர்ந்துவிட வேண்டாம். இந்தப் பகுதிகளில் மடங்கள் நிலம் சேர்த்ததும், பிரபுக்கள் சண்டை போட்டதும், பிரெஞ்சுப் புரட்சி நிலத்தைப் பிடுங்கி விற்றதும், எல்லைகள் மாறியதும் எல்லாம் திராட்சைத் தோட்டங்களில் தடம் விட்டுப் போயிருக்கின்றன, அதைப் பார்க்க ஒரு சொட்டுக்கூடக் குடிக்க வேண்டியதில்லை. ருசி பார்க்கும் இடங்களில் துப்புவதற்கென்றே கலம் வைத்திருப்பார்கள், தொழிலில் இருப்பவர்களே வாயில் வைத்துவிட்டுத் துப்பிவிடுவார்கள், வேண்டாம் என்றால் யாரும் வற்புறுத்தவும் மாட்டார்கள். கார் எடுக்கிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனத்தில் வையுங்கள்: பிரான்சில் ஓட்டுநரின் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால் வந்தாலே குற்றம், புதிதாக உரிமம் வாங்கியவருக்கு அது 0.2 தான். அதனால் நான் ரயிலையும் கால்களையும் நம்பித்தான் இந்த ஒப்பீட்டைச் செய்கிறேன்.

அதே பெயரில் நுரைக்கும் ஒயின் செய்யும் ஷாம்பெய்னில் தொடங்குகிறேன், அதுதான் பக்கம். பாரிசின் கார் த லெஸ்த் நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால் சுமார் 45 நிமிடத்தில் ரேன்ஸ் நகரம் வந்துவிடும். லா ஷப்பேல் தமிழ்க் கடைத்தெரு பக்கம் தங்கியிருக்கிறவர்களுக்கு அந்த நிலையம் நடக்கிற தூரம்தான், காலையில் போய் இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். ரேன்சில் முதலில் பேராலயத்தைப் பாருங்கள். பிராங்க் மன்னர் குளோவிஸ் இந்த ஊரில் ஞானஸ்நானம் பெற்றதால் பிற்காலத்து பிரெஞ்சு அரசர்களில் பெரும்பாலோர் இங்கே வந்துதான் முடிசூடிக்கொண்டார்கள். 1429-ல் ஜோன் ஆஃப் ஆர்க் பக்கத்தில் நிற்க ஏழாம் சார்லஸ் முடிசூடியதும் இங்கேதான், 1825-ல் பத்தாம் சார்லசோடு அந்த வழக்கம் முடிந்தது. முதல் உலகப் போர் தொடங்கிய சில வாரங்களிலேயே, 1914 செப்டம்பரில், ஜெர்மன் பீரங்கிகள் பேராலயத்தைத் தீக்கிரையாக்கின. போர் முடிவதற்குள் ஊரின் பெரும்பகுதி இடிந்துபோனது. அந்தக் காலத்தில் இங்கேயே தங்கிவிட்ட மக்கள் தரைக்கடியில் இருந்தார்கள். பழைய காலத்தில் சுண்ணக்கல் வெட்டியெடுத்த ஆழமான குழிகளைத்தான் ஷாம்பெய்ன் நிறுவனங்கள் நிலவறைகளாக்கி வைத்திருந்தன, குண்டு விழும்போது ஊர் மக்கள் அங்கே குடியேறினார்கள், பள்ளிக்கூடம்கூட அங்கே நடந்தது. இரண்டாம் உலகப் போரில் 1945 மே 7 அன்று ஜெர்மனியின் சரணாகதி கையெழுத்தானதும் இதே ஊரில், ஒரு பள்ளிக் கட்டடத்தில்தான். அந்த அறை இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது.

ஒரு நாளுக்கு இது தாராளமாகப் போதும். மூன்று நாளுக்கு ஷாம்பெய்ன் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், இங்கே நீங்கள் பார்ப்பதில் பாதிக்கு மேல் நிறுவனங்கள் காட்ட விரும்புவதைத்தான். முன்பதிவு செய்து, குழுவாக இறங்கி, வழிகாட்டி சொல்லும் கதையைக் கேட்டு, ஒரு கோப்பையைக் கையில் வாங்கி, கடை வழியாக வெளியே வர வேண்டும். சுண்ணக்கல் நிலவறைகள் அழகுதான், ஒரு முறை கட்டாயம் இறங்கிப் பார்க்க வேண்டும், ஆனால் இரண்டாவது நிலவறை முதலாவதைப் போலவேதான் இருக்கும். கூடவே பழைய கட்டுக்கதைகளும் வரும். நுரைக்கும் ஒயினைக் கண்டுபிடித்தவர் ஓவிலே மடத்துத் துறவி தோம் பெரிஞோன் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். அவர் காலத்தில் நுரை என்பது புட்டிகளை வெடிக்க வைக்கும் ஒரு குறை. அவர் பாடுபட்டது நல்ல திராட்சையைச் சரியாகக் கலந்து நல்ல ஒயின் செய்வதற்குத்தான். உண்மைக் கதையில் எனக்கு அதிகம் பிடித்தவர் 1805-ல், 27 வயதில் கணவரை இழந்து, தொழிலைத் தானே எடுத்து நடத்திய விதவை கிளிக்கோ. புட்டியில் தங்கும் வண்டலைக் கழுத்துப் பக்கம் இறக்கி வெளியேற்றும் முறை அவருடைய நிலவறையில்தான் உருவானது, இன்றைக்கும் அதே முறைதான்.

போர்தோவையும் இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். பாரிசிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம் சொச்சம். நகரம் கம்பீரமானது, கரோன் நதியோரமாக நிற்கும் பதினெட்டாம் நூற்றாண்டுக் கட்டட வரிசைக்கு நிகராக பிரான்சில் வேறு அதிகம் இல்லை. 1152-ல் அக்கித்தேன் பிரதேசத்து எலினோர், பிறகு இங்கிலாந்தின் அரசராகப் போகிற ஹென்றியை மணந்ததில் தொடங்கி 1453 வரை, முந்நூறு ஆண்டு இந்தப் பகுதி இங்கிலாந்து அரசர்களின் கையில் இருந்தது, இங்கிருந்து கப்பல் கப்பலாக ஒயின் லண்டனுக்குப் போனது. அப்புறம் பதினெட்டாம் நூற்றாண்டில் சேர்ந்த செல்வத்தில் கரீபியத் தீவுகளின் சர்க்கரைத் தோட்டங்களுக்கும் அடிமை வணிகத்துக்கும் பெரிய பங்கு உண்டு, அந்த அழகான மாளிகைகளைப் பார்க்கும்போது இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். அக்கித்தேன் அருங்காட்சியகம் இதை மறைக்காமல் தனிப் பகுதியாகவே வைத்திருக்கிறது, போர்தோ போனால் அதை விட்டுவிடாதீர்கள்.

ஆனால் ஒயின் நாடு பார்ப்பதற்கு என்று போர்தோ போகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. நகரம் ஒரு பக்கம், புகழ்பெற்ற தோட்டங்கள் வேறொரு பக்கம். 1855-ல் மூன்றாம் நெப்போலியன் பாரிஸ் கண்காட்சிக்காகக் கேட்டு வாங்கிய ஒயின் தோட்டங்களின் தரப்பட்டியல், நகருக்கு வடக்கே இருக்கும் மெதோக் பகுதியை இன்றும் ஆள்கிறது. முதல் வரிசையில் அது கண்ட பெரிய மாற்றம் 1973-ல் மூத்தோன் ரோத்ஷில்ட் என்கிற தோட்டம் மேலே ஏற்றப்பட்டது ஒன்றுதான். அந்தப் பட்டியலில் இருக்கும் மாளிகைகளுக்கு இரும்புக் கதவு, நீண்ட சரளைப் பாதை, முன்கூட்டியே வாங்க வேண்டிய அனுமதி எல்லாம் உண்டு, கார் இல்லாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவதும் சிரமம். விதிவிலக்கு சாந்த் எமிலியோன். போர்தோவிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல், பாறையைக் குடைந்தே கட்டிய தேவாலயம், ஊர் மதிலைத் தாண்டியதுமே தோட்டம். 1999-லேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஊர் அது. நகர வாழ்க்கை பிடித்தவர்கள், அட்லாண்டிக் கடற்கரையையும் சேர்த்துப் பார்க்க நினைப்பவர்கள், கையில் நான்கைந்து நாள் இருப்பவர்கள் போர்தோவுக்குப் போகலாம். மூன்று நாளுக்குள் அடக்கினால் ரயில் பயணமும் அனுமதிக்காகக் காத்திருப்பதுமே பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

ஆக உண்மையான போட்டி அல்சாசுக்கும் பர்கண்டிக்கும் நடுவில்தான்.

அல்சாஸ், வோஜ் மலைக்கும் ரைன் நதிக்கும் இடையில் கிடக்கும் ஒரு நீளமான நிலப்பட்டை. மேற்கிலிருந்து வரும் மழையை மலை தடுத்துவிடுவதால் கோல்மார் நகரம் பிரான்சிலேயே மழை குறைந்த ஊர்களில் ஒன்று, இவ்வளவு வடக்கே திராட்சை நன்றாகப் பழுப்பதற்குக் காரணமும் அதுதான். 1953-ல் வகுத்த ஒயின் சாலை சுமார் 170 கிலோமீட்டர் நீளம், மலையடிவாரத்து ஊர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போகும். மரச்சட்டம் வெளியே தெரியும் வண்ண வண்ண வீடுகள், ஜன்னலுக்கு ஜன்னல் பூந்தொட்டி, கூரைமேல் நாரைக் கூடு. குழந்தைகளுக்கு அலுக்கவே அலுக்காது. எகிஷைம் வட்டமாகச் சுற்றிச் சுற்றி வரும் தெருக்களால் ஆன ஊர், கைசர்ஸ்பெர்க், நோபல் அமைதிப் பரிசு பெற்ற மருத்துவர் ஆல்பர்ட் ஷ்வைட்சர் பிறந்த ஊர். கோல்மாரில் உந்தர்லிண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் இசன்ஹைம் பலிபீட ஓவியத்தை, ஓவியர் க்ரூனவால்ட் 1512-க்கும் 1516-க்கும் இடையில் வரைந்ததை, அவசரப்படாமல் நின்று பாருங்கள். தோல் வெடித்து எரியும் நோயால் துடித்தவர்களைப் பராமரித்த மடத்துக்காக வரைந்தது அது, அதனால்தான் சிலுவையில் இருக்கும் இயேசுவின் உடம்பிலும் புண்கள்.

இந்த அழகுக்கு அடியில் இருக்கும் வரலாறுதான் என்னை அல்சாசின் பக்கம் இழுப்பது. 1860களில் கோல்மாரில் பிறந்த ஒருவர் எண்பது வயது வரை வாழ்ந்திருந்தால், வீட்டுப் படியை விட்டு நகராமலே நான்கு முறை நாடு மாறியிருப்பார்: 1871-ல் ஜெர்மனி, 1918-ல் பிரான்ஸ், 1940-ல் மறுபடி ஜெர்மனி, 1945-ல் மறுபடி பிரான்ஸ். ஒவ்வொரு தடவையும் பள்ளிக்கூட மொழி மாறியது, தெருப் பெயர் மாறியது, நாஜிகள் காலத்தில் ஆட்களின் பெயர்களையே ஜெர்மன் பெயர்களாக மாற்றச் சொன்னார்கள். 1942 முதல் அல்சாசிலிருந்தும் பக்கத்து மோசெலிலிருந்தும் சுமார் 1,30,000 பேரைக் கட்டாயப்படுத்தி ஜெர்மன் படையில் சேர்த்தார்கள், பலர் ரஷ்யப் போர்முனையிலிருந்து திரும்பவே இல்லை. பிரான்சின் மற்ற ஊர்ப் போர் நினைவுச் சின்னங்களில் ‘பிரான்சுக்காக உயிர்விட்டவர்கள்’ என்று இருக்கும். அல்சாஸ் ஊர்கள் பலவற்றில் ‘மாண்ட எங்கள் மக்களுக்கு’ என்று மட்டும்தான் இருக்கும், எந்தச் சீருடையில் செத்தார்கள் என்று பிரிக்காமல். இதைத் தெரிந்துகொண்டு போனால் அந்தப் பூந்தொட்டி ஊர்கள் வேறு மாதிரி தெரியும். பென்விர், மித்தெல்விர் போன்ற ஊர்கள் 1944 கடைசியில் நடந்த சண்டையில் தரைமட்டமாகிப் பிறகு புதிதாகக் கட்டப்பட்டவை, சில கிலோமீட்டர் தள்ளி ரிக்விர் மட்டும் பதினாறாம் நூற்றாண்டு முகத்தோடு தப்பித்து நிற்கிறது.

ஒயின் தெரியாதவர்களுக்கும் அல்சாஸ் எளிது. புட்டியில் திராட்சை வகையின் பெயரையே எழுதியிருப்பார்கள், ரீஸ்லிங், கெவுர்ஸ்த்ரமினர், பினோ கிரி என்று. குடிக்காதவர்களுக்குப் பல ஊர்களில் நல்ல திராட்சைச் சாறு கிடைக்கும். குறை என்றால் கூட்டம். கிறிஸ்துமஸ் சந்தை நடக்கும் டிசம்பரிலும் கோடையிலும் ரிக்விர் முக்கியத் தெருவில் தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும், கடைகளில் பாதி நினைவுப் பொருள் கடை. கோல்மாரிலிருந்து ஊர்களுக்குப் பேருந்து உண்டு, ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

இப்போது பர்கண்டி. இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

டிஜோன் நகரத்துக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு தாழ்ந்த சரிவு ஓடுகிறது, கோத் தோர் என்று பெயர். மலை என்று சொல்ல முடியாது. பல இடங்களில் இரண்டு கிலோமீட்டர் அகலம்கூடத் தேறாத இந்தப் பட்டையில்தான் உலகத்திலேயே அதிக விலைக்குப் போகும் ஒயின்களில் பல விளைகின்றன. இந்தச் சரிவை 1,247 துண்டுகளாகப் பெயரிட்டுப் பிரித்து வைத்திருப்பதை 2015-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. ஒவ்வொரு துண்டுக்கும் தனிப் பெயர், தனி எல்லை, தனி மதிப்பு. சிவப்புக்கு பினோ நுவார், வெள்ளைக்கு ஷார்தொனே, பெரும்பாலும் இந்த இரண்டே திராட்சைதான், அப்படியிருந்தும் ஒரு வரப்பைத் தாண்டினால் விலை பத்து மடங்கு மாறும். எப்படி என்று கேட்டால் விடையைக் கண்ணாலேயே பார்க்கலாம். சரிவின் நடுப்பகுதியில், சுண்ணக்கல்லும் களியும் சரியான அளவில் கலந்து, தண்ணீர் தேங்காமல், காலை வெயில் நேராக விழும் இடத்தில் முதல் தர நிலம். கீழே சாலைப் பக்கம் இறங்க இறங்க மண் ஆழமாகி ஈரம் கூடும், தரம் குறையும், சாலையைத் தாண்டிக் கிழக்கே போனால் சாதாரண ஒயின். நஞ்சை புஞ்சை வித்தியாசம் தெரிந்து வளர்ந்த எவருக்கும் அந்தச் சாலையில் நின்று மேலே பார்த்தால் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

இதைக் கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவர்கள் துறவிகள். 1098-ல் சித்தோ என்ற இடத்தில் மடம் அமைத்த துறவிகள், உழைப்பே பிரார்த்தனை என்று நம்பியவர்கள், தானமாக வந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாகத் திராட்சை பயிரிட்டு, எந்தத் துண்டில் எது எப்படி விளைகிறது என்று கவனித்தார்கள். அவர்கள் மதில் சுவர் எழுப்பிய குளோ த வூஜோ தோட்டம் ஏறத்தாழ 50 ஹெக்டேர், இன்றும் அப்படியே நிற்கிறது, உள்ளே அந்தக் காலத்து மாபெரும் மரச் செக்குகளைப் பார்க்கலாம். அரசும் சும்மா இருக்கவில்லை. 1395-ல் துணிவுடையான் பிலிப் என்று பேர்பெற்ற பர்கண்டிக் கோமகன், காய்ப்பு அதிகம் ஆனால் தரம் குறைவு என்று கமே திராட்சையை ‘துரோகச் செடி’ என்று திட்டி, பிடுங்கியெறியச் சொல்லி ஆணையிட்டார். அறுநூறு ஆண்டுக்கு முந்தைய அந்த ஆணையின் பலனாகத்தான் இந்தச் சரிவு இன்று பினோ நுவார் நாடாக இருக்கிறது.

பிறகு புரட்சி வந்தது. மடங்களின் நிலத்தைப் பறித்து 1791-ல் ஏலம் விட்டார்கள். நெப்போலியன் கொண்டுவந்த சட்டம் பிள்ளைகள் எல்லாருக்கும் சம பங்கு என்றது, அதனால் நிலம் ஒவ்வொரு தலைமுறையிலும் பிளந்துகொண்டே போனது. குளோ த வூஜோ 1889 வரை எப்படியோ ஒரே கையில் இருந்து, அதன்பின் உடைந்து, இன்று சுமார் 80 பேருக்குச் சொந்தம். ஒருவருக்குச் சில வரிசைச் செடிகள்தான் இருக்கும். போர்தோவில் மாளிகைக்குச் சொந்தக்காரர் பெரும் பணக்காரராகவோ காப்பீட்டு நிறுவனமாகவோ இருப்பது சாதாரணம். பர்கண்டியில் இன்னும் பெரும்பாலும் குடும்பங்கள்தான், ஊருக்குள் வீட்டின் அடியிலேயே நிலவறை, வாசலில் டிராக்டர் நிற்கும். விலை எகிறியதில் அந்தக் குடும்பங்கள் வாரிசு வரி கட்ட முடியாமல் நிலத்தை விற்க வேண்டிய நிலையும் வருகிறது என்பது எனக்கு வருத்தம் தருகிற விஷயம்.

இத்தனைக்கும் தோட்டங்களுக்குக் கதவு கிடையாது. வோன் ரொமானே ஊரிலிருந்து கொஞ்சம் மேலே நடந்தால் ரொமானே கோந்தி வந்துவிடும், மொத்தமே 1.8 ஹெக்டேர், ஓரத்தில் தாழ்ந்த கற்சுவர், ஒரு கற்சிலுவை. 1760-ல் கோந்தி இளவரசர் வாங்கிய நிலம். ஒரு புட்டி பல ஆயிரம் யூரோ. தோட்டத்துக்குள் கால் வைக்காதீர்கள், சாலையிலேயே நின்று பாருங்கள் என்று ஒரு சிறு அறிவிப்பு, அவ்வளவுதான் காவல். ஷாம்பெய்னிலும் போர்தோவிலும் சீட்டு வாங்கிப் பார்க்க வேண்டியதை இங்கே பொதுச் சாலையில் நடந்துகொண்டே பார்த்துவிடலாம் என்பதுதான் நான் பர்கண்டியை முன்னால் வைப்பதற்கான முதல் காரணம்.

இரண்டாவது காரணம், இதே சரிவில் இருக்கும் போன் (Beaune) என்கிற நகரத்து ஒத்தேல் தியு. 1443-ல், நூறாண்டுப் போராலும் பஞ்சத்தாலும் நாடு சீரழிந்து கிடந்தபோது, பர்கண்டிக் கோமகனின் அமைச்சர் நிக்கோலா ரோலினும் அவர் மனைவி கிகோன் த சலேனும் ஏழைகளுக்காகக் கட்டிய மருத்துவமனை. வெளியிலிருந்து பார்த்தால் எளிமை, உள் முற்றத்தில் நுழைந்தால் வண்ண ஓடுகள் வேய்ந்த கூரை. ஏழைகளின் கூடத்தில் இரு பக்கமும் திரை போட்ட கட்டில் வரிசை, கோடியில் வழிபாட்டு இடம், படுத்தபடியே நோயாளிகள் பூசை பார்க்கலாம். ரோகியே வான் டெர் வெய்டன் வரைந்த இறுதித் தீர்ப்பு ஓவியம் அவர்களுக்காகத்தான் வரையப்பட்டது. 1971 வரை இங்கே நோயாளிகள் இருந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். புண்ணியத்துக்காக மக்கள் எழுதிவைத்த தோட்டங்களின் ஒயினை 1859 முதல் ஒவ்வொரு நவம்பரிலும் ஏலம் விடுகிறார்கள், பணம் இன்றும் மருத்துவமனைக்கும் தர்மத்துக்கும் போகிறது. ஒயினே பிடிக்காதவரும் இந்த ஒரு கட்டடத்துக்காக வரலாம்.

பர்கண்டியின் குறையையும் சொல்ல வேண்டும். சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்குச் சிரமம். உள்ளூர்ப் பெருமையே சிவப்பு ஒயினில் வேகவைத்த மாட்டிறைச்சியும் நத்தையும்தான்; பாலாடைக்கட்டி, கடுகு விழுது, கூஜேர் என்கிற பாலாடைக்கட்டிப் பலகாரம், சனிக்கிழமைச் சந்தையில் ரொட்டி, பழம் என்று சமாளிக்கலாம். அல்சாசிலும் மெல்லிய ரொட்டித் தட்டில் பன்றித் துண்டு தூவித்தான் தருவார்கள், ஆனால் வெங்காயமும் பாலாடைக்கட்டியும் மட்டும் போட்டுக் கேட்டு வாங்குவது சுலபம். சிறு பிள்ளைகளுக்கு பர்கண்டியில் செய்ய அதிகம் ஒன்றுமில்லை, இரண்டாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்று நச்சரிப்பார்கள். முட்டி வலி உள்ள அம்மா அப்பாவோடு போகிறவர்களும் அல்சாசையே எடுங்கள், ஸ்ட்ராஸ்பர்க்கில் தங்கினால் பேராலயமும் அங்கேயே இருக்கிறது, பாரிசிலிருந்து ரயில் ஒன்றே முக்கால் மணி நேரம், அங்கிருந்து கோல்மார் அரை மணி.

சரி, பர்கண்டி என்று முடிவு செய்தவர்களுக்கு. கார் த லியோன் நிலையத்திலிருந்து டிஜோன் சுமார் ஒன்றரை மணி நேரம், அங்கே வண்டி மாறினால் இருபது இருபத்தைந்து நிமிடத்தில் போன் நகரம். முதல் நாள் டிஜோனில் இறங்கி கோமகன்களின் அரண்மனையைப் பார்த்துவிட்டு மாலையில் போன் நகரத்துக்குப் போய்விடுங்கள், இரண்டு இரவும் அங்கேயே தங்கலாம். இரண்டாம் நாள் காலை கூட்டம் சேர்வதற்கு முன் ஒத்தேல் தியு, பிறகு தோட்டங்களுக்கு நடுவே போகும் சைக்கிள் பாதையில் பொமார், வொல்னே, மெர்சோ ஆகிய ஊர்கள். பொமார் நடந்தே போகிற தூரம், சைக்கிள் வாடகைக்கும் கிடைக்கும். மூன்றாம் நாள் வடக்குப் பக்கம் வூஜோவும் வோன் ரொமானேவும், மாலை ரயிலில் பாரிஸ். மே, ஜூன் நல்ல மாதங்கள். செப்டம்பரில் அறுவடை பார்க்கலாம், ஆனால் அப்போது விவசாயிகளுக்குப் பேச நேரம் இருக்காது, வெயில் அதிகமான ஆண்டுகளில் ஆகஸ்ட் கடைசியிலேயே பறித்து முடித்தும் விடுகிறார்கள். நவம்பர் மூன்றாம் ஞாயிறு ஏலம் நடக்கும் வார இறுதியில் அறை கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் விலை தாங்காது, அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.